கொள்ளிடத்தில் நின்ற பஸ்

ஓடுறவனுக்கு ஊர் கிடையாது, நிக்கிறவனுக்கு… நிக்கிறவனுக்கு என்ன கிடையாது? நிழலா, நேரமா, வேறு எதுவோவா? அடைக்கலம் பெரியப்பா முதல் பாதியைச் சொல்லி முடித்ததும் ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொள்வார், அப்புறம் தும்மலும் சிரிப்புமாக மீதி வரும், எனக்கு மீதி மனதில் தங்கியதே இல்லை. கேட்டுக்கொள்ளலாம் என்றால் அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பிரெஞ்சுத் தூதரகச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்று. என் கையில் இருக்கும் துண்டுச் சீட்டில் நாற்பத்து மூன்று. நடுவில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு மணி நேரம், இப்போது பத்தே முக்கால், பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். எண்ணுவது எனக்கு இன்னும் பிரெஞ்சில்தான் வருகிறது, திட்டுவது தமிழில் வருகிறது, இதை என் மகளுடைய அம்மா சோஃபி ஒருநாள் கண்டுபிடித்துச் சொன்னாள், அதுவரை எனக்கே தெரியாது. மடியில் நீலக் கோப்பு. அதற்குள் மூன்று பிரதியாக ஒரே தாள். கீழ்க்கண்ட ரெமி தைரியநாதன் ஆகிய நான், பிரெஞ்சுக் குடியுரிமையை இழக்க விரும்புவதாக இதன் மூலம் அறிவிக்கிறேன். இழக்க விரும்புகிறேன். யாராவது இழக்க விரும்புவார்களா, இழந்துவிட்டு வேண்டுமானால் விரும்பினேன் என்று சொல்லிக்கொள்வார்கள். அதிகாரி முன்னால் போடும் கையெழுத்துதான் செல்லும் என்பதால் மூன்று தாளிலும் அடியில் வெறும் கோடு. அந்தக் கோட்டில் என் பெயர் ஏறினால் இந்த மாதக் கடைசிக்குள் இந்தியக் கடவுச்சீட்டு, அது வந்தால் இந்தியக் கால்பந்து அணியின் சட்டை, முப்பத்தொரு வயதில், இரண்டு முறை அறுத்துத் தைத்த இடது முட்டியோடு. ஏறாவிட்டால் ஒன்றுமில்லை, இப்படியே இருக்கலாம், கோவாவில் என் கிளப்பின் பட்டியலில் ‘வெளிநாட்டு ஆட்டக்காரர்’ என்ற தலைப்பின் கீழே, நைஜீரியாக்காரனுக்கும் பிரேசில்காரனுக்கும் நடுவில். இங்கிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் என் அப்பா பிறந்த வீடு.

“இந்தாப்பா, கோல் போட்ட காலு எது, இதுவா அதுவா?” இடப்பக்கத்து நாற்காலியில் இருக்கும் கிளேமான் ஐயா கேட்கிறார். பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், சொல்தா, வெள்ளைச் சட்டைப் பையில் மெடல் ரிப்பனைச் சொருகிக்கொண்டு வந்திருக்கிறார். வலது என்கிறேன். “அப்ப இடதை நீட்டி உக்காரு, வலதை உள்ள இழு, எவனாவது மிதிச்சிடப் போறான்.” அவருக்கு அடுத்த நாற்காலியில் பெர்னதெத் அம்மா, சொல்தாவின் விதவை, மடியில் பிளாஸ்டிக் கூடை, அதற்குள் ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், காகிதத்தில் சுற்றிய நீள ரொட்டி. இங்கே காத்திருப்பவர்களில் பாதிப் பேர் இவர்களைப் போலத்தான், வேறு சன்னல், வேறு எண் வரிசை, வருடத்துக்கு ஒரு தடவை வந்து உயிரோடு இருக்கிறோம் என்று எழுதி வாங்கி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். “போன வருசம் வரைக்கும் உசுரோட இருக்கேன்னு சொன்னா நம்புவாங்க,” என்கிறார் பெர்னதெத் அம்மா. “இந்த வருசம் கண்ணாடியாண்ட நின்னுக்கினு மூஞ்சியக் காட்டணுமாம்.” “மூஞ்சிய பாத்துட்டு இல்லன்னு எழுதிடப் போறாங்க,” என்கிறார் கிளேமான். “உங்களுக்குத்தான் எழுதணும் முதல்ல. ராத்திரி படுத்தா காலையில எந்திரிச்சு கைய கிள்ளிப் பாக்கறாராம், இவரு சம்சாரம் சொல்லிச்சு.” எனக்குச் சிரிப்பு வருகிறது. இவர்கள் இருப்பதாக எழுதி வாங்க வந்திருக்கிறார்கள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டுவிடுவார்களோ என்று கோப்பைத் திருப்பி வைக்கிறேன். முப்பத்து மூன்று. முப்பத்திரண்டு எப்போது போனது? ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அடியில் யாரோ நீல வாளி வைத்திருக்கிறார்கள், சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் நான் மூச்சை நிறுத்தி வைத்திருப்பதைக் கவனிக்கிறேன். பெனால்டி பாக்ஸுக்குள் ஃபார்வர்ட் யோசிக்கக் கூடாது, யோசித்தால் கால் தாமதமாகும், பதினான்கு வயதிலிருந்து என் தலையில் அடித்து அடித்துச் சொன்னது இது ஒன்றுதான், பந்து வருகிறது, உடம்பு திரும்புகிறது, அவ்வளவுதான். அந்த உடம்பைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்து யோசி என்றால் அது என்ன செய்யும்.

நீலச் சட்டை ஒன்றை மூன்று நாள் போட்டிருக்கிறேன். பத்தொன்பது வயது, பிரான்சின் இளைஞர் அணிக்குத் தேர்வு முகாம், பாரிசுக்கு வெளியே காட்டுக்கு நடுவில். நான்கு ஃபார்வர்டுகளில் நான் நான்காவது. பயிற்சிச் சட்டையின் நெஞ்சில் பிரான்சின் சின்னமான சேவல், விரல் வைத்துத் தடவினால் நூல் மேடாகத் தட்டுப்படும், இரண்டு ராத்திரி அதைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒருவர் பிளாஸ்டிக் கூடையோடு அறை அறையாக வந்தார். போகிறவர்கள் சட்டையைக் கூடையில் போடுங்கள், இருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். என் அறையில் இருந்தவன் வைத்துக்கொண்டான். நான் கழற்றிப் போட்டேன், மடித்துப் போட வேண்டுமா சும்மா போட வேண்டுமா என்று தெரியாமல் மடித்துப் போட்டேன், அவர் அதைப் பார்த்துவிட்டு மெர்சி என்றார். அதற்கப்புறம் பதினோரு வருடம், ஆறு கிளப், எல்லாம் இரண்டாம் டிவிஷன், கடைசி இரண்டு வருடம் மூன்றாம் டிவிஷன், அறுபத்தோரு கோல். சகஆட்டக்காரர்கள் என்னை இந்து என்று கூப்பிட்டார்கள், இந்தியாவிலிருந்து வந்தவன் எல்லாம் அவர்களுக்கு இந்து. நான் ஞானஸ்நானம் வாங்கினவனடா, என் பாட்டனார் மாதா கோவிலில் பூசைக்கு உதவினவர் என்று முதல் கிளப்பில் சொன்னேன். இரண்டாவது கிளப்பிலும் சொன்னேன். மூன்றாவதில் விட்டுவிட்டேன். கோவாவுக்கு வந்தால் வெள்ளைக்காரன். பிரெஞ்சுக்கார அம்மாவின் நிறமும் அப்பாவின் மூக்கும், எந்த ஊரிலும் பொருந்தாத பாதிதான் முதலில் கண்ணுக்குப் படுகிறது. போன மாதம் தேசிய அணியின் பயிற்சியாளர் போன் செய்தார், அவரும் இந்த ஊர்க்காரர் இல்லை. ரெமி, எனக்கு ஒரு ஒன்பதாம் நம்பர் வேண்டும், கோல் போட ஒருவன், ஒரு வருடத்துக்கு, உன் முட்டி சம்மதித்தால் இரண்டு வருடத்துக்கு. தகுதிச் சுற்று நவம்பரில். ஆனால் இந்தச் சட்டம் உனக்குத் தெரியும்தானே, இரண்டு கடவுச்சீட்டு வைத்துக்கொள்ள முடியாது. தெரியும் என்றேன். விதிப்படி இங்கே இருக்க வேண்டிய காலத்தை இருந்தாயிற்று, மனுவும் கொடுத்தாயிற்று, பழையதை விட்டேன் என்ற கையெழுத்துதான் பாக்கி, அதையெல்லாம் நான் எப்போது செய்தேன் என்றே தெரியாமல் ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறேன், ஒருவன் பந்தைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்க் கோல் வாசலில் வந்து நின்றுவிட்டுப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதைப்போல. ஒரு வருடம். கொஞ்சம் கருணை இருந்தால் இரண்டு. அதற்கப்புறம் நாற்பது வருடம் அந்தக் கடவுச்சீட்டோடு வாழ வேண்டும். கோவாவில் முட்டியைப் பார்த்த டாக்டர், இது முட்டியில்லை, பழைய வீட்டுக் கதவின் கீல், எண்ணெய் போடப் போட ஓடும், என்றைக்குக் கையோடு வரும் என்று யாரும் சொல்ல முடியாது என்றார். அந்த ஸ்கேன் அறிக்கையும் கோப்பில் இருக்கிறது. இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. எதற்கு எடுத்து வந்தேன்?

என் மகள் க்ளேருக்கு ஏழு வயது. அவள் அம்மாவோடு ரென் நகரத்தில் இருக்கிறாள், பள்ளி விடுமுறைகள் என்னுடையவை. போன கோடையில் இங்கிருந்து அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது பாரிஸ் விமான நிலையத்தில் இரண்டு வரிசை, ஒன்று ஐரோப்பியர்களுக்கு, ஒன்று மற்றவர்களுக்கு. எங்கள் வரிசையில் மூன்று பேர். மற்றவர்கள் வரிசை வளைந்து வளைந்து தூண்களைச் சுற்றிக்கொண்டு போனது. அதில் ஒரு தமிழ்க் குடும்பம், கோப்பைத் திறந்து திறந்து பார்க்கும் அப்பா, அவர் தோளில் தூங்கும் பெண் குழந்தை, குழந்தையின் ஒரு காலில் செருப்பு இல்லை. க்ளேர் என் கையை இழுத்து, அவங்க என்ன தப்பு பண்ணாங்க என்று கேட்டாள். தப்பு ஒன்றும் பண்ணவில்லை என்றேன். அப்புறம் ஏன் அந்தப் பக்கம் நிக்கறாங்க? அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் எங்கள் கடவுச்சீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று சாயங்காலம் அவளிடம் போனில் சொன்னேன், அப்பா ஒரு புது அணிக்கு ஆடப் போகலாம், அதற்கு வேறு பாஸ்போர்ட் வேண்டும். அவள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள். அப்ப நீ மத்தவங்க வரிசையில நிப்பியா? ஆமாம்மா. நானும் உன்கூட அதுலயே நிக்கலாமா? தெரியலயே, கேட்டுச் சொல்றேன். எவ்ளோ நேரம் ஆகும் அதுல? இதற்கும் தெரியலயே என்றுதான் சொன்னேன். ஒரு கேள்விக்காவது பதில் இருக்கிற அப்பாவாக இருந்திருக்கலாம். வரிசை கூடப் பெரிதில்லை, அந்த வரிசைக்கு முன்னால் ஒரு வரிசை இருக்கிறது, விசாவுக்கு, இதே கட்டடத்தில், அடுத்த கதவில், காலையில் உள்ளே வரும்போது பார்த்தேன், வெயிலில் நின்றார்கள். அவளுக்கு நடு இரவில் காய்ச்சல் வந்தால், சோஃபி போன் செய்தால், அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தால், சனி ஞாயிறு இந்தக் கதவு மூடியிருந்தால், திங்கட்கிழமை ஏதாவது ஒரு காகிதம் குறைந்தால். இந்த ‘ஆல்’ எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, தாண்டிப் போக மாட்டேன் என்கின்றன. அப்பாவுக்குப் போன் செய்தபோது அவர் கான் நகரத்தில் தோட்டத்தில் இருந்தார், செடி வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டது. “எங்கப்பன் வரிசையில நின்னு வாங்கினத நீ வரிசையில நின்னு குடுக்கப் போற,” என்றார், கத்தரி நிற்கவில்லை. அப்புறம் அம்மா போனை வாங்கி, உன் இஷ்டம் ரெமி என்றாள். அம்மா என்றைக்கும் அதைத்தான் சொல்லுவாள், அவள் மேல் எனக்கு இருக்கிற ஒரே கோபம் அது. முப்பத்தெட்டு.

“தம்பி, உன் நடைய பாக்கும்போதே நெனச்சேன்,” என்கிறார் பெர்னதெத் அம்மா, கிளேமான் ஐயாவுக்குக் குறுக்கே கழுத்தை நீட்டி. “நீ பந்தாட்டக்கார அடைக்கலம் வூட்டுப் புள்ளயா?” அவர் தம்பி மகன் என்கிறேன். “அதான. அதே மாதிரி குதிகால ஊனாம நடக்கறியே. அந்தக் காலத்துல அவன் மைதானத்துக்குப் போறான்னா எங்க தெருவுல அத்தினி பொண்ணுங்களுக்கும் அந்நேரத்துக்குத்தான் தண்ணி எடுக்க ஞாபகம் வரும்.” “உங்களுக்கும் வந்துதா?” என்கிறார் கிளேமான். “எங்க வூட்ல கெணறு இருந்துது. அதான் என் தலையெழுத்து, உங்க பட்டாளத்து ஜோட்டாளியக் கட்டிக்கினேன்.” கிளேமான் என் பக்கம் திரும்பி, பாவம் உங்க பெரியப்பா, ஒரு பஸ்ஸால எல்லாம் போச்சு என்கிறார். அந்தப் பாவத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த இந்த ஊர் இந்தியாவுக்குக் கைமாறியபோது பிரெஞ்சுக்காரனாகவே இருக்க நினைப்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். தகப்பன் கையெழுத்துப் போட்டால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் சேர்த்து. தாத்தா முதல் வாரமே போய்ப் போட்டுவிட்டார், பன்னிரண்டு வயது அப்பா அதில் அடங்கிவிட்டார். பெரியப்பாவுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம், அவர் தானே போய் எழுத வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று கடைசி நாள் வரை வந்து, அறுபத்து மூன்று பிப்ரவரி, அதற்கு முந்தின நாள் காரைக்காலில் ஆட்டம். ஆடிவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறி, கொள்ளிடம் தாண்டினதும் ஒரு மாட்டுவண்டி குறுக்கே கவிழ்ந்து, கரும்பு ரோட்டில் சரிந்து, பஸ் நின்று, ஊர் வந்து சேர்ந்தபோது ஆபீஸ் மூடிவிட்டது. ஆட்டத்தில் எத்தனைக்கு எத்தனை என்பது சொல்லச் சொல்ல மாறும், மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு இரண்டு. கரும்பு மாறாது. தாத்தா சாகும்வரை அந்த வண்டிக்காரனைச் சபித்தார், காரைக்காலைச் சபித்தார், பந்தைச் சபித்தார். மகனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார், பெரியப்பா மில்லில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மில் அணிக்குப் பதினாறு வருடம் சென்டர் ஃபார்வர்ட். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பா அவருக்கு ஒரு சட்டையோ கடிகாரமோ கொண்டுவந்து, பஸ் மட்டும் நிக்காம இருந்திருந்தா என்று கண் கலங்குவார், பெரியப்பா தம்பியைத் தட்டிக் கொடுப்பார். பந்தால் இந்தியனாகிப்போன ஒருத்தர் ஏற்கனவே வீட்டில் இருக்கிறார், நான் இரண்டாவது, அவ்வளவுதானே, குடும்ப வழக்கம்தானே என்று இந்த ஒரு மாதமாக நானும் அந்தக் கரும்பின் மேல்தான் ஏறி நின்றுகொண்டிருக்கிறேன். பெர்னதெத் அம்மா கூடையை மடியில் சரியாக வைத்துக்கொள்கிறார். “பஸ்ஸா? எந்த பஸ்ஸு?”

“கொள்ளிடத்துல நின்ன பஸ்ஸும்மா, ஊருக்கே தெரியுமே,” என்கிறார் கிளேமான். “ஊருக்குத் தெரியும். எனக்கு வேற தெரியும். அன்னைக்கு எங்கப்பாரும் கடைசி நாளுக்குத்தான் வந்தாரு, என்னையும் இழுத்துக்கினு. எனக்குப் பதினாலு வயசு, வரிசையில நின்னு காலு வலிக்குது. எதிர்ல பாதாம் மரத்தாண்ட இவன் பெரியப்பன் நிக்கறான். பூட்ஸ் ரெண்டையும் கயித்தால முடிஞ்சு தோள்ல போட்டுக்கினு. அப்ப அஞ்சு மணி கூட ஆவல. எங்கப்பாரு கூப்புட்டாரு, டேய் அடைக்கலம் வாடா, எனக்கு முன்னாடி நின்னுக்கோன்னு. கைய ஆட்டினான். வர்றேன்னு ஆட்டினானோ வரலன்னு ஆட்டினானோ. நாங்க முடிச்சுட்டு வெளிய வர்றோம், ஏழு மணி, அன்னைக்குக் கூட்டம்னு அவ்ளோ நேரம் தெறந்து வெச்சிருந்தாங்க. பியூன் கதவ சாத்தறான். இவன் அதே எடத்துல நிக்கறான். கதவ சாத்தி பூட்டு போட்டப்புறம்தான் நடந்தான்.” யாரிடமும் சொல்லவில்லையா என்று நான் கேட்கிறேன். “யாரு கேட்டா? அவன் பஸ்ஸுன்னான், சரி பஸ்ஸுன்னு விட்டுட்டேன். ஆம்பளைங்க ஒண்ணு சொன்னா அதுலயே நிக்கட்டும்னு விட்டுடணும் தம்பி, இல்லன்னா அவனுங்களுக்குச் சோறு எறங்காது.” நாற்பது. கூடையிலிருந்து ரொட்டியைக் கிள்ளி ஒரு துண்டை என்னிடம் நீட்டுகிறார், வாங்கிக்கொள்கிறேன், வாயில் போடத் தோன்றவில்லை. இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். கதவு எதிரில் திறந்திருக்க, கூப்பிட்ட குரல் காதில் விழ, அந்த இரண்டு மணி நேரம் அவருக்குள் என்ன ஓடியது, ஓடியதா, அல்லது ஒன்றுமே இல்லாமல் மரம்போல நின்றாரா. ஏன் என்பது எனக்குக் கிடைக்காது, பெர்னதெத் அம்மாவிடமும் இல்லை, மண்ணுக்குள் போய்விட்டது. எனக்குக் கிடைத்திருப்பது கரும்பு மட்டும். வண்டி கவிழவில்லை, கரும்பு சரியவில்லை, ஒரு பையன் ஊர் வந்து சேர்ந்து, நின்று, பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பன் முகத்தைப் பார்த்ததும் பஸ் என்று சொல்லிவிட்டான். வேண்டாம் என்றால் தாத்தா உடைந்திருப்பார். பஸ் என்றால் வண்டிக்காரனைத் திட்டிவிட்டுச் சாப்பிட உட்காரலாம். ஐம்பது வருடம் அந்தப் பஸ்ஸை அந்த இடத்திலிருந்து நகரவிடாமல் பார்த்துக்கொண்டார், தம்பி கொண்டுவந்த கடிகாரங்களையெல்லாம் கட்டிக்கொண்டு. நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை, இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுத் தாண்டிவிட்டார்கள்.

பதினொன்று நாற்பத்தெட்டு. நாற்பத்திரண்டு உள்ளே போயிருப்பது ஒரு கிழவரும் அவர் மருமகளும், கிழவருக்குக் காது கேட்காது போலிருக்கிறது, கதவு வழியாக மருமகள் கத்துவது கேட்கிறது, இது இழுக்கும், பன்னிரண்டைத் தாண்டும் என்று கணக்குப் போடுகிறேன், அப்போதுதான் காலையிலிருந்து நான் போட்டுக்கொண்டிருந்த கணக்கு இதுதான் என்று தெரிகிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் வந்துவிடும், ஆறு என்றால் வராது, ஆறாக இருக்கட்டும். மின்சாரம் போகட்டும். கணினி நிற்கட்டும். பயிற்சியாளர் இப்போது போன் செய்து, வேறு ஒருவன் கிடைத்துவிட்டான், மன்னித்துக்கொள் என்று சொல்லட்டும். ஸ்கேன் அறிக்கையை எதற்கு எடுத்து வந்தேன் என்பதும் தெரிந்துவிட்டது. அதைக் காட்டி, முட்டி ஒத்துழைக்கவில்லை என்று அவரிடம் சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, பாவம் ரெமி, ஒரு முட்டியால் எல்லாம் போச்சு. இல்லாவிட்டால் இந்தப் பக்கம், க்ளேரிடம் சொல்ல ஒன்று, சட்டம் அப்படிம்மா, அப்பா என்ன செய்ய முடியும், அவங்க கேட்டாங்க. இரண்டு பஸ்ஸையும் தயாராகக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் நிறுத்தி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், எது முதலில் கிளம்புகிறதோ அதில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று. இப்போது கழிப்பறைக்குப் போனால் ஐந்து நிமிடம். எண் போய்விடும். அடுத்த வாரம்தான் வர முடியும், அதற்குள் மாதம் முடிந்துவிடும். எழுந்திருக்கப் பார்க்கிறேன், உண்மையாகவே பார்க்கிறேன், கால் வரவில்லை, இடதும் வரவில்லை, வலதும் வரவில்லை. “ஒண்ணுக்கா?” என்கிறார் கிளேமான் தாழ்ந்த குரலில். “போய்ட்டு வா, நான் சொல்றேன் அவங்ககிட்ட.” வேண்டாம் ஐயா என்கிறேன். க்ளேரின் ஒரு காலில் செருப்பு இல்லை. இல்லை, அது அவள் இல்லை, அந்த இன்னொரு குழந்தை, தூக்கத்தில் எங்கேயோ விழுந்திருக்கும், அந்த அப்பா அதைக் கவனித்தாரா, வரிசையை விட்டுத் தேடப் போக முடியாதே. மணியடித்தது போல ஒரு சத்தம். நாற்பத்து மூன்று. பதினொன்று ஐம்பத்து நான்கு. பெர்னதெத் அம்மா, உன் நம்பர்தானே, போ போ, மூடிடப் போறாங்க என்று முதுகில் தட்டுகிறார், தட்டியதும் கால் வந்துவிட்டது. உள்ளே ஒரு மேசை, ஒரு அம்மாள், மூக்குக் கண்ணாடி, மேசையில் ஒரு சின்னக் கற்றாழைத் தொட்டி. மூன்று தாளையும் வாங்கி வரிசையாக வைத்துவிட்டு மெதுவாகப் பிரெஞ்சில் படிக்கிறார், ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. இது உங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும், உங்கள் மகளுடைய குடியுரிமையில் ஒரு மாற்றமும் இல்லை, புரிகிறதா. புரிகிறது. பிற்காலத்தில் திரும்பப் பெற மனுச் செய்யலாம், கிடைக்கும் என்று உறுதி இல்லை. புரிகிறது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார், யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா, வேலையின் பொருட்டோ குடும்பத்தின் பொருட்டோ வேறு வழியில்லாமல் வந்திருக்கிறீர்களா, இதை நான் கேட்டாக வேண்டும். வெளியே கிளேமான் ஐயா ஏதோ சொல்ல பெர்னதெத் அம்மா சிரிப்பது கேட்கிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன்.